ஒரே ஒரு 'ஆம்'

அம்ப்ரோஸ் தொப்பியில் பனியோடு உள்ளே வந்தான். அதைத் தட்டிவிடக்கூட இல்லை. நேராக மேசைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு" என்றான்.

ஒட்டிலியா அடுப்புப் பக்கம் திரும்பியே நின்றாள். மக்ரோனியும் உருளைக்கிழங்கும் வெந்துவிட்டன. பாலாடைக்கட்டியைத் துருவிப் போட வேண்டியதுதான் பாக்கி.

"என்ன ஒண்ணு?"

"ஊரே 'கூடாது'ன்னு எழுதியிருக்கு. யாரோ ஒரே ஒரு பாவி மட்டும் 'ஆம்'. எண்ணும்போது அந்தச் சீட்டை நான்தான் பிரிச்சேன். இந்தக் கையால."

அவள் துருவத் தொடங்கினாள். கட்டி சிறுத்துக்கொண்டே வந்தது. விரல் நுனி துருவியில் உரசிய பிறகுதான் நிறுத்தினாள்.

"நம்ம தலைவன் கஸ்பார் முகத்தைப் பார்க்கணுமே" என்றான் அம்ப்ரோஸ். "பக்கத்து ஊர் எகர்ட்டன் தலைவர்கிட்ட சவடால் விட்டிருந்தான் இல்ல, எங்க ஊர்ல ஒரு பூனைகூட ஆம் போடாதுன்னு? அவங்க ஊர்ல ஒண்ணுகூட இல்லையாம். சுத்தமா சைபர். இனி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியுமா நாம?"

வானொலி அதைவிட மோசமான செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. ராணுவத்தைக் கலைத்துவிடலாமா என்று நாடே வாக்களித்த ஞாயிற்றுக்கிழமை அது. கலைக்க வேண்டாம் என்றுதான் நாடு சொல்லியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் 'ஆம்' என்று எழுதியிருந்தார்கள். பெர்லினில் சுவர் இடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றான் அம்ப்ரோஸ். நகரத்துக்காரர்கள் அப்படித்தான். ஜெனீவாக்காரன் எதையும் எழுதுவான். ஆனால் இந்த ஊரில், ஷ்டெக்மாட்டில்?

தட்டை அவன் முன்னால் வைத்தாள். ஆப்பிள் கூழை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஷ்டெக்மாட்டில் வாக்குச்சீட்டு எழுதுவது சமையலறை வேலை. முடிவெடுப்பது ஆண்கள், 'கரடி' என்ற மதுவிடுதியில் மேசையைக் குத்திக் குத்திப் பேசி எடுப்பார்கள். ஆனால் பென்சிலைப் பிடிப்பது வீட்டில் எதற்கெல்லாம் பென்சில் பிடிக்கிறதோ அதே கைதான். வரிப் படிவம், இறந்தவர் வீட்டுக்கு அனுதாபம், கன்று ஈன்ற விவரம், வாக்குச்சீட்டு. பெண்களுக்கு வாக்குரிமை வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் ஒரு சீட்டு எழுதினார்கள். வந்த பிறகு இரண்டு எழுதினார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் மடித்த சீட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் போட்டுவிட்டு விடுதிக்குப் போவார்கள். பெண்கள் சமைக்க வீட்டுக்குப் போவார்கள். யாரும் சீட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கிறதா என்று யாராவது சந்தேகப்படுவார்களா?

சனிக்கிழமை மாலை அம்ப்ரோஸ் தொழுவத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்: "அந்தச் சீட்டு ரெண்டையும் எழுதி வெச்சிடு. கூடாது, கூடாது. யோசிக்க ஒண்ணும் இல்லை."

யோசிக்க ஒன்றும் இல்லை என்று அவன் சொல்லாமல் போயிருந்தால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள்.

அம்ப்ரோஸ் தன் கம்பெனியில் சார்ஜென்ட் மேஜர். மற்ற ஆண்களைப்போல அவனுக்கும் வருஷத்தில் மூன்று வாரப் பயிற்சிக்குத்தான் சீருடை. ஆனால் மீதி வாரங்களிலும் அது அவன் உடம்பிலிருந்து முழுசாகக் கழன்றதில்லை. போர்வை மடிப்பின் ஓரம் நேராக இருக்க வேண்டும். கரண்டிகள் அளவுவாரியாகத் தொங்க வேண்டும். ராணுவம் கொடுத்த துப்பாக்கி படுக்கையறை அலமாரியில், அவளுடைய உடுப்புகளுக்கு நடுவில் நின்றது. அதன் பக்கத்தில் அவளுடைய தொப்பிப் பெட்டி, அதன்மேல் முத்திரையிட்ட தோட்டா டப்பா. போர் வந்தால் மட்டும் உடைக்க வேண்டிய முத்திரை. பூசைக்குப் போகும் அவளுடைய கறுப்புக் கம்பளி உடுப்பில் எத்தனை முறை துவைத்தாலும் துப்பாக்கி எண்ணெய் வாடை போகவில்லை. கல்யாணமான புதிதில் அந்த வாடை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது.

ஆனால் அவளுடைய கசப்பு அந்த வாடையில் இல்லை. ஒரு வருஷம், பயிற்சி முடியும் நாளில், குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்றார்கள். பேரிக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். முகாம் வாசலில், இவள் வந்ததைக் கவனிக்காத அம்ப்ரோஸை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். பூட்ஸ் வார் அறுந்துபோய் நின்ற ஒரு பையன் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் வாரைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். ஏதோ சொன்னான். பையன் சிரித்தான். அம்ப்ரோஸும் சிரித்தான், தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய. அவள் ரொட்டியோடு அங்கேயே நின்றாள். அந்தச் சிரிப்பு அவன் வீட்டுக்கு வந்ததே இல்லை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அது யாருக்காக வர வேண்டும் என்று அவன் நினைத்தானோ. இவளைப் பார்த்ததும் எழுந்து நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டான். "லேட்டு" என்றான்.

சனிக்கிழமை மாலை, மேசையில் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடது பக்கம் தன்னுடையது, வலது பக்கம் அவனுடையது என்று வைத்துக்கொண்டாள். பெயர் எதிலும் இல்லை. அந்தக் கணக்கு அவள் மனதில் மட்டும்தான். தன்னுடையதில் 'கூடாது' என்று எழுதினாள். அதில் பொய் எதுவும் இல்லை. அந்த மூன்று வாரம் அவளுக்கு வேண்டும். ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கலாம், கரண்டிகளை இஷ்டத்துக்குப் போடலாம், மதியம் வெறும் ரொட்டியும் காப்பியும் போதும். ராணுவம் போய்விட்டால் அவளுக்கு வருஷத்தில் என்ன மிஞ்சும்?

பிறகு வலது பக்கச் சீட்டில், அவனுடைய சீட்டில், 'ஆம்' என்று எழுதினாள்.

அவனிடமிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று கை நினைத்தது. அவ்வளவுதான். அதனால் ராணுவம் கலைந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையில் வைத்தாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

*

திங்கட்கிழமை காலை பாலத்தின் கைப்பிடியில் ஒரு மரத் துப்பாக்கி தொங்கியது. எகர்ட்டன் பையன்கள் துடைப்பக் கட்டையைச் செதுக்கி, வெள்ளை அடித்து, முனையில் ஒரு கைக்குட்டையைக் கட்டி ஆணியடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர்த்தலைவர் கஸ்பாரே வந்து பிடுங்க வேண்டியிருந்தது. மூன்று ஆணி. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது அவர் யாரையோ திட்டினார். மூன்றாவது ஆணி வரும்போது அந்த யாரோவுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

பிலோமினா.

அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அவள் மகன் பென்னோ துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லி, ராணுவ நீதிமன்றத்துக்குப் போய், இப்போது சிறையில் இருந்தான். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அப்படிப் போன முதல் ஆள். புருஷன் இல்லை. நான்கு பசுக்கள். ஊருக்குச் சொந்தமான தொழுவம் ஒன்றைக் குத்தகைக்கு வைத்திருந்தாள். வேறு யார் எழுதியிருப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை பிலோமினாவின் வாசலில் ஒரு வண்டிச் சாணி கொட்டப்பட்டிருந்தது. புதன்கிழமை அவளுடைய பன்றியை வெட்ட வருவதாகச் சொல்லியிருந்த கசாப்புக்காரன் வரவில்லை. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு முழுவதும் காலியாக இருந்தது. அவளுக்கு முன்னால் இருந்த பெஞ்சும்.

ஒட்டிலியாவுக்குப் பிலோமினாவைப் பிடிக்காது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிலோமினாவின் கோழிகள் இவள் கீரைப் பாத்தியைக் கிளறின. கேட்டால், கோழிக்கு வேலி தெரியாது, உனக்குத் தெரியுமே, நீ போட்டுக்கோ என்பாள். பென்னோவைக் கொண்டுபோனபோது ஊரோடு சேர்ந்து ஒட்டிலியாவும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்தவள்தான். ஆகவே சாணியைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது இரக்கம் இல்லை. அது தனக்கு வந்த பார்சல், விலாசம் மாறிப் போய்விட்டது என்ற எரிச்சல்தான். அந்த எரிச்சலுக்கு அடியில் சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பால் பண்ணை வரிசையில் இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். மற்றவர்கள் பிலோமினாவை விட்டு ஒரு கேன் தூரம் தள்ளி நின்றதால் அப்படி அமைந்துவிட்டது.

"தள்ளி நில்லு, சார்ஜென்ட் மேஜரம்மா" என்றாள் பிலோமினா, திரும்பாமலே. "ஒட்டிக்கப் போகுது."

"நான் எங்க வேணா நிப்பேன்."

"சாணி யாருதுன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டு மாடு தின்ற தீவனத்தோட வாசனை."

"எங்க வண்டி வெளியவே எடுக்கல."

"அப்போ உங்க மாடு நடந்து வந்து போட்டுதோ என்னவோ. ஒழுங்கா வரிசையில நின்னு."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிலோமினா கேனைத் தூக்கித் தராசில் வைத்தாள். கைகளில் வெடிப்பு. சாணியைத் தனியாகவே வாரியிருக்கிறாள்.

ஒட்டிலியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நீ என்ன எழுதினே?"

பிலோமினா இப்போதுதான் திரும்பினாள். "உனக்கு எதுக்கு?"

"சும்மா."

"கூடாதுன்னு எழுதினேன்." அவள் குரலைத் தாழ்த்தவில்லை, வரிசை முழுவதும் கேட்டது. "ராணுவமே இல்லைன்னு ஆயிட்டா என் பையன் எதுக்காக உள்ள கெடக்கான்? இல்லாத ஒண்ணை வேண்டாம்னு சொன்னதுக்கா? அது இருக்கணும். அவன் வெளிய வர்ற வரைக்குமாவது இருந்து தொலையணும்."

"நம்பிட்டோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன்னை நம்பச் சொல்லி யாரும் அழல" என்றாள் பிலோமினா, காலி கேனை எடுத்துக்கொண்டு.

ஒட்டிலியா நம்பினாள். அந்த ஊரில் அதை நம்ப முடிந்த ஒரே ஆள் அவள்தான். இன்னொருத்தியும் தன்னைப்போலவே, எல்லோரும் எழுதியதையே வேறு ஒரு காரணத்துக்காக எழுதியிருக்கிறாள். அது அவர்களை நெருக்கமாக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை. தன் கறுப்பு உடுப்பை யாரோ கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

*

டிசம்பர் ஊர்க்கூட்டத்துக்கு முந்தின நாள் அம்ப்ரோஸ் உற்சாகமாக இருந்தான். காப்பியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாராயம் ஊற்றிக்கொண்டான்.

"பிலோமினா தொழுவம் நமக்கு வருது" என்றான். "கஸ்பார் சொல்லிட்டான். நாளைக்குக் குத்தகை படிக்கும்போது அவ பேருக்குப் பதிலா என் பேரைப் படிப்பான். கை தூக்கினா முடிஞ்சுது."

"அவ மாட்டையெல்லாம் எங்க கட்டுவா?"

"விப்பா. நாலும் நல்ல மாடு. ஒண்ணை நாமளே வாங்கலாம்."

ஒட்டிலியா அவன் எதிரில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளை தவிர அவள் அங்கே உட்காருவதில்லை. அதனால் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்ப்ரோஸ். அந்தச் சீட்டு பிலோமினாவோடது இல்லை."

அவன் கோப்பையை வைத்தான். "எனக்குத் தெரியும்" என்றான்.

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? என் லீவு மனு, சம்பள மனு எல்லாம் யார் எழுதினது? பிரிச்சதும் தெரிஞ்சுடுச்சு. எழுத்தை யாரும் பார்க்கறதுக்குள்ள சட்டுன்னு மடிச்சு மத்ததுங்களுக்கு அடியில சொருகினேன். கஸ்பார் பக்கத்துல நின்னான். எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு, இந்தக் குளிர்ல."

"தெரிஞ்சா இத்தனை நாள்..."

"தெரிஞ்சா என்ன பண்ணணும்? என் பொண்டாட்டிதான்னு மணி அடிக்கணுமா? பதிமூணு நாளா உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். நன்றி வேண்டாம், வாயாவது மூடிக்கிட்டு இரு."

"அவ வாசல்ல சாணி கொட்டினதும் என்னைக் காப்பாத்தவா?"

"நான் கொட்டல. கொட்டினவனைத் தடுக்கல, அவ்வளவுதான். அவ பேரு ஏற்கனவே நாறிக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் நாறினா என்ன?" அவன் கோப்பையைச் சுழற்றினான். "உனக்கு ஏன் அப்படித் தோணிச்சுன்னு நான் கேக்கவே இல்லை, பார்த்தியா. பொம்பளை மனசு. ஏதோ ஒரு நாள் கோபம். விட்டுட்டேன்."

அவன் உண்மையாகவே தன்னைப் பெருந்தன்மையானவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு வகையில் அப்படித்தான். அவளுக்காக அவன் பொய் சொல்லியிருக்கிறான். அவள் அறிந்தவரை முதல் தடவையாக. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் சொன்ன அந்த 'விட்டுட்டேன்' அவளுக்குள் எங்கோ போய்க் குத்தியது.

"அது என் சீட்டு இல்லை" என்றாள்.

"என்னது?"

"என்னோடதுல கூடாதுன்னுதான் எழுதினேன். 'ஆம்' உன்னோடதுல."

அவன் சிரிக்கப் பார்த்தான். "சீட்டுல பேரு ஏது? எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்லை. உன் சீட்டுன்னு தனியா வெச்சுத்தான் எழுதினேன். உன் ராணுவம் வருஷத்துல மூணு வாரம் எனக்கு வேணும், நீ இல்லாத மூணு வாரம். அதனால என்னோடதுல கூடாது. ஆனா உனக்கு அது இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

அவன் முகம் மாறியது. கோபமாக மாறியிருந்தால் அவளுக்குப் பழக்கம்தான். அதைச் சமாளிக்கத் தெரியும். ஆனால் அவன், பயிற்சி முகாமில் வார் அறுந்து நின்ற பையனைப்போல, காலுக்குக் கீழே எதையோ தேடுகிறவன் மாதிரி ஆகிவிட்டான்.

"ஏன்?" என்றான் கடைசியாக.

"நீ அங்க சிரிச்சதைப் பார்த்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அவன் எழுந்தான். குரல் திரும்பி வந்துவிட்டது, கம்பெனியை நிற்க வைக்கும் குரல்.

"நாளைக்கு வாயைத் திறந்தா, இந்த வீட்டுல உனக்கு இடம் இல்லை."

*

பள்ளிக்கூட அறையில் ஆண்கள் முன் பெஞ்சுகளில், பெண்கள் பின்னால். பூசை முடிந்து நேராக வந்திருந்ததால் எல்லோரும் நல்ல உடுப்பில் இருந்தார்கள். கணப்பு நன்றாக எரிந்தது. கம்பளி நனைந்த வாடை. பிலோமினா கதவோரம் தனியாக நின்றாள், உட்கார இடம் இருந்தும்.

கஸ்பார் மேய்ச்சல் விவகாரம் படித்தார், பாலத்தின் பலகை மாற்றுவதைப் படித்தார். கைகள் எழுந்தன, தாழ்ந்தன. பிறகு தொண்டையைச் செருமினார்.

"மேட்டுத் தொழுவம். இதுவரைக்கும் பிலோமினா வெச்சிருந்தது. ஊர் மானத்தைப் பத்தி ஊருக்கு ஒரு கருத்து இருக்கு, அதை நான் சொல்லத் தேவையில்லை. வர்ற வருஷம் அம்ப்ரோஸுக்குன்னு முன்மொழியறேன். சம்மதம்னா..."

"ஒரு நிமிஷம்" என்றாள் ஒட்டிலியா.

எழுந்துவிட்டிருந்தாள். எப்போது எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்ப்ரோஸின் பிடரி மட்டும் தெரிந்தது. அது சிவந்துகொண்டு வந்தது.

"என்ன ஒட்டிலியா? தொழுவம் உங்களுக்குத்தானே வருது. எதிர்க்கப் போறியா?" கஸ்பார் சிரித்தார், முன் பெஞ்சுகளும் சிரித்தன.

"அந்த 'ஆம்' பிலோமினாவோடது இல்லை. எங்க வீட்டுலேர்ந்து வந்தது."

சிரிப்பு அப்படியே அறுந்தது.

"உன்னோடதா?" என்றார் கஸ்பார்.

இப்போது 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு பைத்தியக்காரப் பெண், பாவம் அம்ப்ரோஸ். அவன் மானம் அவனிடமே இருக்கும். பரிதாபத்தில் பளபளப்பாகக்கூட ஆகும். முன் பெஞ்சில் அம்ப்ரோஸ் மெல்லத் திரும்பினான். அவன் கண்ணில் அதுதான் இருந்தது. சொல்லு. உன்னோடதுன்னு சொல்லு. அவன் அவளிடம் எதையும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"அம்ப்ரோஸோடது" என்றாள்.

அறையில் இரைச்சல். யாரோ பெஞ்சைத் தள்ளினார்கள். "சார்ஜென்ட் மேஜரா!" "பொய்!" "பொம்பளைக்குப் புத்தி கெட்டுப்போச்சு!" அம்ப்ரோஸ் எழுந்தான். "நான் அப்படி எழுதல!" என்றான். அவன் குரல் உடைந்தது.

"அவர் எழுதல" என்றாள் ஒட்டிலியா. "சீட்டை நான்தான் எழுதினேன். எப்பவும் நான்தான் எழுதறேன். கூடாதுன்னு எழுதச் சொன்னார், நான் ஆம்னு எழுதினேன். அவர் பிரிச்சுப் பார்க்காம கொண்டுபோய்ப் போட்டார்."

"அதெப்படி பிரிச்சுப் பார்க்காம..." என்று கஸ்பார் தொடங்கினார். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அறையில் நடந்ததை அவள் வெகுநாள் மறக்கவில்லை. முதலில் முன் வரிசையில் ஓர் ஆள் மெதுவாகத் திரும்பிப் பின்னால் இருந்த தன் மனைவியைப் பார்த்தான். பிறகு அவன் பக்கத்து ஆள். பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. ஷ்டெக்மாட்டின் ஆண்கள், ஊர்த்தலைவர் உட்பட, பெண்கள் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அணைக்கட்டு வரி, பள்ளிக்கூடக் கூரை, நெடுஞ்சாலை, வேகக் கட்டுப்பாடு என்று இத்தனை வருஷமாக எத்தனை வாக்கெடுப்புகள். எத்தனை மடித்த சீட்டுகள். பெண்கள் மடியில் கையை வைத்து நேராகப் பார்த்தபடி இருந்தார்கள். கசாப்புக்காரனின் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஸ்பாரின் மனைவி தன் கையுறையை விரல் விரலாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கதவோரத்திலிருந்து பிலோமினாதான் பேசினாள். "என்ன தலைவரே, ஒவ்வொரு வீடா விசாரிக்கலாமா? உங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேட்டுத் தொழுவம்" என்றார். "பழையபடி. ஆட்சேபம் இல்லைன்னு வெச்சுக்கறேன். அடுத்தது, பனி அள்ளற வேலை."

யாரும் கை தூக்கவில்லை. யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

*

மறுநாள் காலை சாணி அவர்கள் வாசலில் இருந்தது. ஒட்டிலியா மண்வெட்டியை எடுத்தாள். பாதி வாரியபோது பிலோமினா பால் கேனோடு அந்த வழியாக வந்து நின்றாள். உதவ வரவில்லை, பார்க்க நின்றாள்.

"நன்றி சொல்வேன்னு எதிர்பார்த்தியா?"

"இல்லை."

"நீ எழுதினதை நான் வாரினேன். உனக்குத் தெரிஞ்சும், பால் பண்ணையில என் பக்கத்துல நின்னுக்கிட்டு, என்ன எழுதினேன்னு என்னையே கேட்டே." பிலோமினா சாணிக் குவியலைப் பார்த்தாள். "மண்வெட்டியைச் சாய்ச்சுப் பிடி. இப்ப பிடிக்கற மாதிரி பிடிச்சா மத்தியானம் வரைக்கும் வாருவே."

நடந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவள் கோழிகள் மறுபடி பாத்தியில் இருந்தன.

அம்ப்ரோஸ் அவளை வெளியே அனுப்பவில்லை. சொன்னதைச் செய்யாமல் விட்டதும் அவள் அறிந்தவரை முதல் தடவைதான். ஆனால் துப்பாக்கியையும் தோட்டா டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டான். அலமாரியில் அவள் உடுப்புகளுக்கு நடுவில் ஒரு கை அகல இடம் காலியாகக் கிடந்தது. அவள் உடுப்புகளை அதில் நகர்த்திப் பரப்பவில்லை. வாடை அப்படியே இருந்தது.

விடுதியில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை என்று கேள்விப்பட்டாள். பரிகாசம்கூட இல்லையாம், பரிகாசம் செய்ய யாருக்கும் தைரியம் இல்லை. அடுத்த வாக்கெடுப்பில் ஷ்டெக்மாட்டின் ஆண்கள் தாங்களே எழுதினார்கள். பள்ளிக்கூட அறையில், கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பையன்களைப்போல. அம்ப்ரோஸும் எழுதினான். என்ன எழுதினான் என்று அவள் கேட்கவில்லை. அவள் சீட்டு மேசையில் காலியாக இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

வசந்தத்தில் பயிற்சிக்கான அழைப்பு வந்தது. எப்போதும் அவளும் சேர்ந்துதான் மூட்டை கட்டுவாள். கம்பளிக் கோட்டை இறுக்கிச் சுருட்டி, மூட்டையைச் சுற்றி வளைத்து, வாரைக் கடைசித் துளை வரை இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் முழங்காலால் அழுத்த, ஒருவர் இழுக்க. இந்த முறை மாடியில் அவன் தனியாகக் கட்டும் சத்தம் கேட்டது. மூச்சிரைப்பு, ஒரு சாபம், மறுபடி மூச்சிரைப்பு. அவள் படிக்கட்டின் கீழே, கைப்பிடியில் கை வைத்து நின்றாள். ஒரு படிகூட ஏறவில்லை.

அவன் இறங்கி வந்தான், சீருடையில். இளைத்திருந்தான். "வர்றேன்" என்றான், கதவைப் பார்த்து.

"சரி."

ஜன்னலிலிருந்து பார்த்தாள். பாலத்துக்கு முன்னாலேயே வார் நழுவி, கோட்டின் ஒரு பக்கம் பிரிந்து அவன் முதுகில் தொங்கத் தொடங்கியது. பாலத்தைத் தாண்டினால் எகர்ட்டன் வழியாகத்தான் போக வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் ஜன்னலைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. அவன் பாலத்தைக் கடந்து, தொங்கும் கோட்டோடு, வளைவில் மறையும் வரை அப்படியே நின்றாள்.

பிறகு உள்ளே திரும்பினாள். மூன்று வாரம். சுவரில் கரண்டிகள் அளவுவாரியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி அதன் இடத்தில் மாட்டினாள்.